கப்பல்பார்

குடும்பிமலையின் கொண்டை
கடதாசி ஆலைப் புகைக்குழாயின் தலையில் வந்து உட்கார்ந்ததும்
எஞ்சினை நிறுத்தினார் ஒக்கர்ஸ்.
இதற்கு நேர் கீழே.
ஜிபிஎஸ் பெட்டி இன்னும் வானத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

கச்சான் எழும்ப முன்னம் ஏறிவிட வேண்டும்.
பத்து மணி என்றார் அவர். பத்தே கால் என்றேன் நான்.
கச்சிமுகம்மது நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
வலை அவருடையது,
வலையின் கடன் சங்கத்துடையது.
சிலிண்டர் வாரை நான் இறுக்கும்போதுதான் வாய் திறந்தார்:
"முழுசா வேணும் புள்ள. வெட்டிராத."

முதுகுப்பக்கமாக விழுந்தேன்.

பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவிய தண்ணீரின் சூடு.
ஐந்து மீட்டரில் என் நகச்சாயம் மங்கிற்று,
பத்தில் கோப்பி நிறம்,
பதினெட்டில் கறுப்பு.
கீழே ஒரு நிழல்
பெருத்துப் பெருத்து
இரும்பானது.

சுற்றியுள்ள பாரெல்லாம் கல். இது மட்டும் கப்பல்.
வள்ளக்காரருக்கு அதில் பேதமில்லை,
மீன் நிற்கும் இடம் பார், அவ்வளவுதான்.
எந்தச் சண்டையில் யார் தாட்டது என்று
வெளிநாட்டார் கேட்பார்கள். ஒரு தேதி சொல்வேன்.
எண்ணெய் கொண்டுபோனது, கவிழ்ந்து கிடக்கிறது,
நாங்கள் தடவிப் பார்ப்பது அதன் அடிவயிற்றை.
மீதி எனக்கும் தெரியாது.

சுக்கானுக்கும் காற்றாடி இலைக்கும் நடுவில்
நீல நைலோன். புதுசு.
அதன் கீழே வெள்ளை வலை, பாசி பிடித்தது.
அதன் கீழே பச்சை.
அதற்கும் கீழே
எது நூல் எது பவளம் என்று பிரிக்க முடியாத ஒன்று.
விழுந்த நாளிலிருந்தே
இது தொழில் செய்கிறது.
பெர்மிட் இல்லை, டீசல் செலவில்லை,
போயாவுக்கும் லீவில்லை.

கண்ணிகளில் பாரை முள். பாதிச் செப்பலி.
ஒரு கலவா, என் நெஞ்சகலம், உயிரோடு,
செவுளைத் திறந்து மூடித் திறந்து
என்னைப்போலவே கணக்குப் பார்த்துக்கொண்டு.

மானியில் நூற்றிருபது பார்.
இதுவும் பார்தான்.

ஒரு கண்ணி. அடுத்த கண்ணி.
பத்து நிமிடத்தில் ஒரு முழம் அவிழ்ந்தது.
துருவின் விளிம்பு பெருவிரலைக் கிழிக்க
பச்சைப் புகையாய்க் கிளம்பிற்று என் இரத்தம்.
கிழமைக் கடன் வாங்க வரும் பெடியன்
படலைக்கு மேலால் எட்டிப் பார்ப்பதுபோல
ஓட்டையிலிருந்து அஞ்சாலை ஒன்று தலை நீட்டியது.

எழுபது.

வெட்டிராத என்றவரின் வள்ளம்
மேலே ஒரு பூசணி விதை.
கத்தியை உருவினேன்.
முதல் வெட்டு வலைக்காக, சிக்காத பக்கமாவது மேலே போகட்டும்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதுக்கு நான் நியாயம் சொல்ல வரவில்லை.
கலவா வெளியே வந்தது,
என்னை ஒரு பக்கக் கண்ணால் பார்த்தது,
கடல் அவ்வளவும் கிடக்க
கப்பலுக்குள்ளேயே திரும்பப் போனது.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் கயிற்றில் தொங்கினேன்.
சொல்லவேண்டிய பொய்யை அங்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
குமிழிகள் அதைத் தூக்கிக்கொண்டு
எனக்கு முன்னே போய்ச் சேர்ந்தன.

வலையை அவர் பார்க்கவில்லை. மிதவைகளை எண்ணினார்.
இரண்டு தரம்.
"நூத்திப் பதினொண்டு. மறுகா முப்பத்தொம்பது எங்க?"
"துருவில இறுகிப் போச்சு."
என் பெருவிரலைப் பார்த்தார். இப்போது அது சிவப்பு.
சாரன் நுனியைப் பல்லால் கிழித்து நீட்டினார்.
பேசிய காசில் பாதி தந்தார்.
வாங்கினேன்.

கச்சான் பத்துக்கே எழும்பிவிட்டது.
முதுகில் உப்பு வெடிக்க, ஒருவரும் பேசாமல் வந்தோம்.
எனக்கு அந்த முப்பத்தொன்பதும்தான் நினைவு.
இருட்டில், ஒரே திசையில் இழுத்துக்கொண்டு,
ஒரு கப்பலை மேலே தூக்கிவிடலாம் என்று.

இரவு கோப்பையில் குனிந்தபோது
மூக்கால் கடல் கொட்டிற்று,
ஒரு கரண்டி இருக்கும், சூடு இன்னும் ஆறவில்லை.
சோற்றை நான் வீசவில்லை.
பிசைந்து சாப்பிட்டேன்.